வால்வைத் திறந்தவர்

1

இந்தக் கதை திருட்டுப் பொருள். என் சிறுவர் நூல்களுக்குப் படம் போடுகிறவள் (நான் 'படக்காரி' என்றுதான் கூப்பிடுவேன்) ஒருநாள் தூரிகையைக் கழுவிக்கொண்டே, போர்க்காலத்தில் தன் ஊர் ஆறு ஒரே நாளில் செத்துப்போனதைச் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

'பத்து வயதுச் சிறுமி ஒருத்தி பழைய கடிகாரத்தின் முள்ளைத் திருப்பி...' (அடித்துவிட்டேன். கடிகாரம் இல்லாமல் காலப்பயணமே கிடையாதா?)

'சிறுமி கண்விழித்தபோது ஆற்றில் இன்னும் மீன்கள் இருந்தன.' (இது இருக்கட்டும்.)

2

சிறுமி முப்பது வருடம் பின்னால் போகிறாள். ரசாயன ஆலையில் ஒருவன் தொட்டியின் வால்வைத் திறந்து விஷத்தை ஆற்றில் விடுகிறான். அவள் அவனைத் தள்ளிவிட்டு வால்வை மூடுகிறாள். ஆறு பிழைக்கிறது. கதைக்குக் கெட்டவன் வேண்டுமே என்று அவனுக்குத் தொப்பையும் முறுக்கு மீசையும் வைத்தேன்.

3

படம் போடக் கொடுத்திருந்த கதைத் தாள்களைப் படக்காரி என் மேசையில் திருப்பி வைத்தாள். உட்காரவில்லை.

"அக்கா, அந்த வால்வைத் திறந்தது எங்க அப்பா. அவருக்குத் தொப்பையே கிடையாது."

அன்று விமானங்கள் வரப்போவதாகச் செய்தி வந்திருந்தது. தொட்டி நிறைய, தீப்பொறி பட்டாலே வெடிக்கும் திரவம். மதிலை ஒட்டித் தொழிலாளர் வீடுகள். குண்டு விழுந்தபோது தொட்டி காலி. வீடுகள் நின்றன. அதில் ஒன்றில் படக்காரி, ஆறு வயதில். ஆனால் கீழூரில் அந்தத் தண்ணீரைக் குடித்து ஒன்பது பேர் இறந்தார்கள்.

(போர் என்பது... வேண்டாம். இந்த வாக்கியத்தை எத்தனையோ பேர் முடித்துவிட்டார்கள்.)

என் சிறுமி வால்வை மூடினால் படக்காரி இல்லை.

4

அவள் அப்பாவைப் பார்க்கப் போனேன். சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன், அதைக் காதில் வாங்காமல், கதையில் அந்தப் பெண் எத்தனை மணிக்கு வந்து சேருகிறாள் என்று விசாரித்தார். காலை பத்து என்றேன்.

"அப்ப நேரம் இருக்கு" என்றார். பிறகு வாஷரைப் பொருத்திக் குழாயை இறுக்கினார்.

"வால்வை நான் பாத்துக்கறேன். அவளைக் கீழூருக்கு ஓடச் சொல்லுங்க. தண்ணி எடுக்காதீங்கன்னு சொல்லி அனுப்ப எனக்கு ஆள் கிடைக்கல. ஆத்தோரமா வேணாம், மேட்டு வழியா போனா சீக்கிரம்."

5

ஆகவே அவள் ஓடுகிறாள்.

முதல் முடிவில் ஊரே நம்புகிறது, ஒன்பது பேரும் பிழைக்கிறார்கள். படக்காரி அதற்குப் படம் போட மறுத்துவிட்டாள். அப்பா அதைப் படித்தால் தாங்கமாட்டாராம். இரண்டாவதில் சிறுமி பிந்திவிடுகிறாள். அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

மூன்றாவது இது: கரையில் ஒருத்தி வாளியோடு குனிகிறாள். எடுக்காதீர்கள் என்று சிறுமி மூச்சிரைக்கக் கத்துகிறாள். வாளிக்காரி நிமிர்ந்து, தண்ணீரையும் சேறு படிந்த இந்தப் பெண்ணையும் மாறிமாறிப் பார்க்கிறாள்.

"தெளிவாத்தானே இருக்கு. நீ யாரு வீட்டுப் பொண்ணு?"

ஆறு நாளாகப் பதிலை எழுதி எழுதி அழிக்கிறேன். எதிர்காலத்திலிருந்து வந்தேன் என்றால் சிரிப்பாள். விஷம் என்றால், யார் கலந்தது என்பாள்; படக்காரியின் அப்பாவைக் காட்டிக்கொடுக்க வேண்டிவரும்.

எனக்கு எட்டவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும், அதுவும் பத்து வயதுக் குரலில். சீக்கிரம், வாளி தண்ணீரைத் தொட்டுவிட்டது.

சிறுமி சொன்னாள்: "