கூட்டணிக்கு ஆறாவது அணி

ஏதாவது ஒரு விளையாட்டுக் கூட்டணியில் சேரும் ஒப்பந்தத்தில் நாளை மாலைக்குள் கையெழுத்து விழாவிட்டால், பைன் ஹார்பர் கல்லூரியின் ஐஸ் ஹாக்கி அணிக்கு மூடுவிழா. எந்தக் கூட்டணியிலும் சேராத அணியோடு விளையாட ஒவ்வொருவரையும் கெஞ்சிக் கூப்பிட்டுக் கல்லூரித் தலைவருக்கு அலுத்துவிட்டது.

விளையாட்டுத் துறை இயக்குநர் வெர்னா லாட்டி ஆட்ட இடைவேளைகளில் பனித்தரையை மெழுகிச் சமன்செய்யும் வண்டி நிற்கும் இடத்துக்கு நேராகப் போனாள். ஓட்டுநர் எய்னோ வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"சர்ச் பழைய துணி விற்பனையில வாங்கினியே, கிரேட் ரிட்ஜ் கூட்டணி ஜாக்கெட், இருக்கா?"

"ம்."

"நாளைக்கு மேட்ச்ல அதைப் போட்டுக்கிட்டு மேல் வரிசையில உக்காரு. கையில ஒரு நோட்டு. யார் என்ன கேட்டாலும் வாயைத் திறக்காத."

எய்னோ வாயைத் திறப்பதே வருடத்துக்கு நாலு தடவை. தலையாட்டினான்.

மறுநாள், கிரேட் ரிட்ஜுக்குப் போட்டியான லேக்லேண்ட் கூட்டணியின் தலைவர் விட்கோம்ப் வந்து இறங்கினார். போன மாதம் ஓர் அணி கழன்றுகொண்டதில் அவரிடம் மிச்சம் ஐந்து. ஆறு இல்லாவிட்டால் அவரது சாம்பியனுக்குத் தேசியப் போட்டியில் நேரடி இடம் கிடையாது. ஆனாலும் பெண் பார்க்க வந்தவர் போல முறுக்கிக்கொண்டார்.

"மூணு வருஷம் கூட்டணிக் கூட்டத்துல ஓட்டுரிமை கிடையாது. பிளேஆஃப் இறுதிச் சுற்றும் கிடையாது. சம்மதமா?"

"யோசிக்கணும்."

"யோசிக்க வேற யாரு இருக்கா உங்களுக்கு?"

வெர்னா மேல் வரிசையை ஒரே ஒரு கணம் பார்த்தாள். விட்கோம்பும் திரும்பிப் பார்த்தார். கிரேட் ரிட்ஜின் சிவப்பு ஜாக்கெட். அது போதுமாயிருந்தது.

ஆட்டம் தொடங்கியதும் விட்கோம்ப் இரண்டு காபியோடு எய்னோ பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கிரேட் ரிட்ஜா?"

எய்னோ பனியையே பார்த்தான். இடது மூலையில் ஒரு பள்ளம். நோட்டில் குறித்துக்கொண்டான்.

"நாங்க மூணு வருஷம் காத்திருக்கச் சொல்லியிருக்கோம். ரெண்டாக்கலாம்."

எய்னோ காபியை உறிஞ்சி முகம் சுளித்தான்.

"ஓகோ. நீங்க ஒண்ணுதான் கேக்கறீங்களா?"

முதல் பகுதி ஆட்டம் முடிந்து மணி அடித்தது. எய்னோ விருட்டென்று எழுந்து படியிறங்கினான். விட்கோம்பும் பதறி எழுந்தார். வெர்னாவிடம்தான் போகிறான்! இரண்டிரண்டு படியாகத் தாவி, அவனுக்கு முன்னால் அவள் அறைக்குள் நுழைந்தார்.

"முழு உறுப்பினர். இன்னைக்கே. பேனா கொடுங்க."

மை காய்ந்தது. நிம்மதியாகக் கண்ணாடிச் சன்னல் வழியே பார்த்தார். கீழே சிவப்பு ஜாக்கெட் வண்டியில் நிதானமாக வட்டமடித்து, இடது மூலைப் பள்ளத்தை நிரவிக்கொண்டிருந்தது.

"அந்தாளு..."

"எய்னோ. பத்தொன்பது வருஷமா எங்க வண்டியை ஓட்டறான். நான் அவனைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னேனா?"

விட்கோம்ப் பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"அடுத்த மாசம் டிவிக்காரங்களோட பேச்சுவார்த்தை இருக்கு. அவரை ஒருநாள் அனுப்புவீங்களா?"

"ஜாக்கெட்டோடவா?" என்றாள் வெர்னா.