கடைசி ஆள் வரும்வரை

இடப்பக்கம் நீட்டிய கை வலிக்கத் தொடங்கிவிட்டது, ஆனாலும் வதனி அதை இறக்கவில்லை, மூன்று பாதைகள் பிரிகிற மேட்டில் சைக்கிளை வேலியோடு சாய்த்துவிட்டு நிற்கிறாள், கீழே திராட்சைத் தோட்டங்கள் வெயிலில் வரிவரியாக இறங்கிப் போகின்றன, காலையில் சைக்கிள் சுற்றுலா வழிகாட்டி மத்தியூ சொன்ன ஒழுங்கு இதுதான், சந்தி வந்ததும் அவனுக்கு அடுத்து வருகிறவர் அங்கேயே நின்று பின்னால் வருகிறவர்களுக்குக் கையால் வழி காட்ட வேண்டும், எல்லோருக்கும் கடைசியில் சிமோன் மஞ்சள் சட்டையோடு வருவாள், அவள் வந்து சேர்ந்த பிறகுதான் நகரலாம், அதுவரைக்கும் யார் கூப்பிட்டாலும் அசையக்கூடாது, அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான், பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள், வதனி மட்டும் சிரிக்கவில்லை, என்னம்மா முகம் கறுத்துப்போச்சு, ஏற்றத்துக்குப் பயமோ, கேட்டுப் பாப்பம், மின்சாரச் சைக்கிள் தருவினம் என்று மகள் அபிரா சீண்டினாள்.

அபிராவும் இந்தச் சந்தியைக் கடந்து போய்விட்டாள், மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கையசைத்துப் போனார்கள், ஒரு முதியவரும் சிமோனும்தான் பாக்கி, பிறகு யாரும் வரவில்லை, ஏறி வந்த பாதை வெறிச்சென்று கிடக்கிறது, வெறும் பாதையை அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் அது நிரம்பத் தொடங்குகிறது, காரியரில் பாய் கட்டிய சைக்கிள்கள், ஹேண்டிலில் தொங்கும் குடங்கள், மழை, யாழ்ப்பாணம் முழுவதும் ஷெல்லுக்குப் பயந்து ஒரே பாதையில் அடியடியாக நகர்கிறது, கைதடிச் சந்தியில் பதினைந்து வயது வதனி நிற்கிறாள், பிள்ளை இதிலையே நில், தம்பிக்கு நாங்கள் எந்தப் பக்கம் போனதெண்டு தெரியாது என்று சொல்லிவிட்டு அம்மா சின்னவளோடு முன்னால் போயிருக்கிறாள், ஆட்டை அவிழ்த்துவிட மறந்துபோனோமென்று தம்பி கோகுலன் பாதிவழியில் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஓடியிருந்தான், அவனுக்குப் பன்னிரண்டு வயது, நின்றாள், கால் மரக்கும்வரை நின்றாள், மூலை வீட்டு ராசமக்கா வந்து கையைப் பிடித்து இழுக்கிறாள், உன்ர தம்பி எப்பவோ முன்னாலை போயிட்டான், என்ர கண்ணாலை கண்டனான், வா. அவள் போனாள். முன்னால் அவன் இல்லை, ராசமக்கா கண்டது அவனைப் போலவே நீலச் சட்டை போட்ட வேறு யாரோ ஒருவனை. பிறகு வந்து சேர்ந்தவர்கள் சொன்னார்கள், சந்தியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான், வா என்று கூப்பிட்டோம், அக்கா இதிலைதான் நிப்பா, நான் போனால் என்னைத் தேடுவா என்று சொல்லிவிட்டான். அதற்குப் பின் அவனைக் கண்டவர்கள் இல்லை.

முப்பது வருடமாக அவன் அவள் நின்ற இடத்தில் நிற்கிறான், அவள் வந்து குடியேறிய நகரத்தின் லா சப்பல் சிக்னலில் பச்சை விழுந்த பிறகும் எதிர்ப்பக்கம் நிற்பான், அபிரா பிறந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்றான், நனைந்த சட்டை, வளரவே மாட்டான், அபிராவிடம் அவனைப் பற்றி அவள் ஒரு நாளும் சொன்னதில்லை.

அம்மா, வாங்கோ, மேலேயிருந்து அபிரா திரும்பி வருகிறாள், மூச்சு வாங்குகிறது, பின்னால் வந்த முதியவருக்கு முழங்கால் பிடித்துவிட்டதாம், சிமோன் அவரை வேனில் ஏற்றிக்கொண்டு மற்றப் பாதையால் போய்விட்டாளாம், மத்தியூவுக்கு ஃபோன் வந்ததாம், இனி ஒருத்தரும் வரமாட்டினம் அம்மா.

நீ கண்ணாலை கண்டனியோ.

மத்தியூ சொன்னவன்.

சொல்லுறவை சொல்லுவினம், நீ போ பிள்ளை, நான் நிக்கிறன்.

அபிராவுக்குச் சிரிப்பு வந்தது, தாயின் முகத்தைப் பார்த்ததும் நின்றது, சைக்கிளை விட்டு இறங்கினாள், ஆரம்மா வரவேணும்.

கோகுலன். என்ர தம்பி. அக்கா நிப்பா எண்டு சொன்னவன்.

அபிரா தன் சைக்கிளைப் புல்லில் கிடத்திவிட்டுப் பக்கத்தில் வந்து நிற்கிறாள், இருவரும் இறக்கத்தைப் பார்க்கிறார்கள், மழையா வெயிலா என்று தெரியாத ஒரு வெளிச்சம் அங்கே அசைகிறது, வதனியின் கை எப்போது அந்தப் பக்கம் திரும்பியது, அவளுக்கே தெரியவில்லை, விரல்கள் தாமாக மடங்கி விரிகின்றன, வா, வா என்று.