இரண்டு இலக்கம் போதும்

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். அவள் கைக்குப் போன மென்பொருளில் தூசிகூடத் தப்பாது என்று பேர் வாங்கியிருந்தாள். அந்தச் சல்லடைதான், அப்பா இறந்த மூன்றாவது வாரம் வேலைக்கு வந்த அன்றே, தான் எழுதிய நாலு வரியைப் பார்த்துக் கல்லாய்ச் சமைந்து உட்கார்ந்திருந்தாள்.

ஆம்புலன்ஸ் கூப்பிடும் செயலி அது. பொத்தானை அழுத்தினால் வீடு இருக்கும் இடம் அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு எண்களாக வண்டிக்குப் போகும். ஒவ்வொன்றிலும் புள்ளிக்குப் பின்னால் ஆறு இலக்கம். அதைச் சோதிக்க, வாய்க்கு வந்தபடி ஆயிரக்கணக்கில் பொய் இடங்களை உருவாக்கித் தரும் நிரலை எழுதியவள் இவள். எண்கள் வாலை நீட்டிக்கொண்டு சோதனை அறிக்கையின் கட்டத்தைத் தாண்டி வழிந்தன. பார்க்கச் சகிக்கவில்லை. இரண்டு இலக்கம் போதும் என்று மிச்சத்தை நறுக்கிவிட்டாள். அறிக்கை பளிச்சென்று இருந்தது. மேலாளர்கூட மெச்சினார்.

வண்டிக்கு எண்ணை அனுப்பும் பகுதியிலும் எவனோ ஒரு புண்ணியவான் இரண்டு இலக்கத்துக்கே இடம் விட்டிருந்தான். இரண்டைக் கொடுத்தால் இரண்டு வந்தது. சோதனை எல்லாம் தேறியதாகத் திரையில் பச்சை. நிஜ வீட்டுக்கு அது போதுமா? நாலு இலக்கம் போனால் வண்டி அரைக் கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்கும். செயலி வெளியாகி நாலாம் நாள் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. வீட்டில் அதே செயலியில்தான் கூப்பிட்டார்கள். வண்டி மைதானத்துக்குப் பின்னால் போய் நின்றது. வழி கேட்டு வீட்டுக்கு வருவதற்குள் பதினோரு நிமிடம், எல்லாம் முடிந்திருந்தது. அந்த அழைப்பின் பதிவைத் தேடி எடுத்தபோதுதான் அவளுக்கு விஷயமே விளங்கியது.

நிரலில் ஆறு இலக்கம் வரும்படி மாற்றி ஓட்டினாள். திரை முழுக்கச் சிவப்பு. அனுப்பும் பகுதியையும் திருத்தினாள். பச்சை. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவுதானா! கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு, துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

வீட்டிலோ அம்மா, அப்பா போன அன்றிலிருந்து ஆம்புலன்ஸ் ஓட்டுநரைக் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தாள். புகாரும் கொடுத்தாயிற்று. மறுநாள் விசாரணை, அந்த மனுஷனுக்கு வேலை போய்விடும். மகள் உள்ளே வந்தபோது அம்மா அதற்கான காகிதங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்த டிரைவர் மேல தப்பு இல்லம்மா."

"கண்ணு தெரியாம மைதானத்துக்குப் பின்னாடி போய் நின்னானே, அவன் மேல இல்லாம வேற யாரு மேல?"

"அவருக்குக் காட்டின இடமே அதுதான். அதைச் சரிபாத்து அனுப்பினது நான். ஒழுங்கா பாக்கலை. என் மேலதாம்மா தப்பு."

சொல்லிவிட்டு நின்றாள். நாலு அறை விட்டால்கூடத் தேவலை என்றிருந்தது. அம்மா கையிலிருந்த காகிதத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"பக்கத்து வீட்டுக் காரைக் கூப்பிடலாம்னு நான் எழுந்தேன்டி," என்றாள் கடைசியில். "அப்பாதான் கையைப் பிடிச்சு உக்கார வெச்சாரு. 'நம்ம பொண்ணு பாத்துக் குடுத்தது, வண்டி வந்துரும், நீ எங்கயும் போகாத'ன்னாரு."