சீல் ஒட்டாத சீட்டு

காலை எட்டு மணிக்கு அந்த மருந்துக் கடையில் மூச்சுவிட நேரம் இருக்காது. நல்லூர் பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிரே கடை. எட்டரைக்குப் பனியன் கம்பெனிகளில் வேலை தொடங்கிவிடும். அதற்குள் காய்ச்சல் மாத்திரை, அல்சர் மருந்து, தீக்காயத்துக்குக் களிம்பு என்று பத்துக் கைகள் ஒரே நேரத்தில் நீளும். பார்மசிஸ்ட் கலைமகள் ஒருத்திதான் அத்தனைக்கும் ஓட வேண்டும்.

அன்றைக்கு அந்தக் கைகளுக்கு நடுவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் அட்டை கண்ணாடி மேசையில் வந்து விழுந்தது.

"இதென்னங்க மயிலாக்கா?"

"டாக்டர் சீட்டுதான் கண்ணு. மடிச்சு மடிச்சுக் கிழியுதுன்னு லேமினேசன் போட்டுட்டேன்."

சிரிப்பதா அழுவதா என்று கலைமகளுக்குத் தெரியவில்லை. முதுகு பிடித்துக்கொண்டபோது ஐந்து நாளைக்கு என்று டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரை அது. பழகிவிட்டால் விடாத மாத்திரை. விற்றால் சீட்டில் சீல் வைத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். அந்த ஐந்து நாள் முடிந்து ஒன்றரை வருசம் ஆகிறது. இந்தச் சீட்டு செல்லாது என்று இதற்கு முன் நாலு தடவை தொண்டை வறளச் சொல்லியாயிற்று.

"இதென்ன ஆதார் கார்டுங்களா? சீல எங்கீங்க வெக்கறது, உங்க நெத்தியிலயா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். மயிலாளும் சிரிக்கப் பார்த்தாள். மாத்திரை போடாததில் மூக்கில் நீர் வழிந்தது. கொட்டாவிமேல் கொட்டாவி விட்டாள். கண்ணாடியின் மேல் வைத்திருந்த கை நடுங்கியது. ஆள்காட்டி விரல் நகத்தில் தையல் ஊசி ஏறிய இடம் கறுத்திருந்தது.

கலைமகள் மற்றவர்களை மளமளவென்று அனுப்பிவிட்டு அவளை ஓரமாக அழைத்தாள்.

"எத்தன போடறீங்க?"

"டபுள் சிப்டுன்னா கணக்கேயில்ல கண்ணு. போடலீனா ஓவர்லாக் மிசின்ல உக்கார முடியறதில்ல. நான் மட்டுமா? எங்க தையல் லைன்ல ஆறு பேரும் இந்தச் சீட்ட வெச்சுத்தான் கடை கடையா வாங்கறோம். அதான் கிழியுது."

"அட முருகா!" கலைமகள் தலையில் அடித்துக்கொண்டாள். "கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கக்கா. கொஞ்சங் கொஞ்சமாக் கொறச்சு நிறுத்திடுவாங்க."

"லீவு போட்டா என்ர மிசின்ல வேற ஆள உக்கார வெச்சிருவாங்க. அப்புறம் நான் எங்க போறது?"

"சூப்பர்வைசர் நம்பரச் சொல்லுங்க."

போனில் சூப்பர்வைசர் தீனதயாளன் தேனாகப் பேசினான். "உடம்புதானுங்க மேடம் முக்கியம். ரெண்டு நாள் பாத்துட்டு வரட்டும். மிசின் எங்கீங்க ஓடிப் போகுது?"

மயிலாளுக்குக் கண் கலங்கிவிட்டது. கலைமகள் அட்டையைப் பிடுங்கப் பார்த்தாள். மயிலாள் விடவில்லை.

"இது லைனுக்குப் பொது கண்ணு. நான் கொண்டுபோயிட்டா பேசுவாங்க. மிசின் டிராயர்ல போட்டுட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போயிர்றேன்."

மூன்றாம் நாள் காலையில் கடை திறக்கும்போதே மயிலாள் வந்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டை விரித்துக் காட்டினாள். மாத்திரையைக் குறைத்து எழுதியிருந்தார்கள். முகம் வெளுத்திருந்தாலும் கை முன்னைப்போல நடுங்கவில்லை. "வேலைக்குப் போறேன் கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனாள். கலைமகளுக்கு வெகுநாளைக்குப் பிறகு மனசு நிறைந்திருந்தது.

டீ நேரத்தில் ஒருவன் வந்தான். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை.

"தீனதயாளனுங்க. நீங்கதானுங்களா போன்ல பேசுனது?" என்றபடி அந்த லேமினேசன் சீட்டை மேசையில் வைத்தான். "லைனுக்கு வேணுங்க மேடம். மயிலாக்கா மிசின்ல ஒரு புதுப் பொண்ண உக்கார வெச்சிருக்கேன், பேரு அனுப்ரியா. இடுப்பு வலீங்குது. சாயங்காலத்துக்குள்ள பீஸ் முடிக்கணும்."

"மயிலாக்கா?"

"காலைல வந்தாங்க. சிப்மெண்ட் நேரத்துல மிசினச் சும்மா போட முடியுங்களா? எடம் இருந்தா கூப்படறோம்னு அனுப்பிட்டேன்."

போன் பண்ணி லீவு வாங்கிக் கொடுத்தது தான்தான் என்பது கலைமகளுக்கு உறைத்தது. 'ரத்து' என்ற சீலை மையில் அழுத்தி, ஆத்திரம் தீர அந்த அட்டையின் மேல் மூன்று தடவை குத்தினாள். கண்ணாடி அதிர்ந்தது.

தீனதயாளன் கோபப்படவில்லை. "பரவால்லீங்க மேடம். வேற கடையில பாத்துக்கறேன்" என்று அட்டையை எடுத்துக் கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்தான். ஊதா மை மொத்தமும் விரலோடு வந்துவிட்டது. மயிலாள், வயது நாற்பத்துநான்கு, ஐந்து நாள் என்று எழுதியிருந்தது பளிச்சென்று தெரிந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த கடையைப் பார்த்து நடந்தான்.