ஏணி போட்ட கேன்

முட்டையில்தான் எல்லாம் தொடங்கியது. வெள்ளைப் பின்னணியில் ஒரே ஒரு கோழிமுட்டை. பார்க்கிறவனுக்கு அதைக் கையில் எடுத்து உடைக்கலாம் போலத் தோன்ற வேண்டும். கம்ப்யூட்டரில் படம் வரைகிற பாடம் அவ்வளவுதான். சொல்லிக்கொடுத்த ஆளின் முகத்தைப் பிரிஜா ஒருநாளும் கண்டதில்லை. யூடியூபில் அவனுடைய அம்புக்குறி ஓடும், குரல் மட்டும் பின்னால் இழுத்து இழுத்துப் பேசும். எந்த ஊர் இங்கிலீஷோ, பாதி புரியாது. புரியாத இடத்தில் நிறுத்தி, அம்புக்குறி எங்கே போகிறது என்று பார்த்து அவளும் போவாள்.

கருங்கல் என்கிற ஊரில் ஒரு பிளக்ஸ் கடையில் அவளுக்கு வேலை. மாப்பிள்ளை முகத்தை வெளுப்பாக்குவது, செத்தவர் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வைப்பது, திருவிழாப் பலகையில் கமிட்டிக்காரர்கள் எல்லாரையும் ஒரே உயரத்துக்கு வெட்டி ஒட்டுவது. முதலாளி ரசலையன் மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்குப் போகிற நேரம்தான் அவள் படிக்கிற நேரம். வரைவதற்கென்று தனிப் பேனாவெல்லாம் யார் கண்டார்கள்? தேய்ந்துபோன கடை மௌஸ்தான். முதல் முட்டை உருளைக்கிழங்கு மாதிரி வந்தது. பக்கத்து மெஷினில் இருந்த ஸ்டெனி விழுந்து விழுந்து சிரித்தான்.

"என்ன பிள்ளே, கோழிக்கு சீக்கு, தீனம் வல்லதும் உண்டா?"

விட்டாளா அவள்? முட்டைக்குப் பிறகு எலுமிச்சை. அதற்குப் பிறகு எவர்சில்வர் டம்ளர். அந்த டம்ளரோடு மல்லுக்கட்டியே ஒரு மழைக்காலம் போயிற்று. கடைசியில் வார் அறுந்து ஊக்கு குத்திய ரப்பர் செருப்பு ஒன்றை வரைந்தாள். ஸ்டெனி அதைப் பார்த்துவிட்டு, "இத நீ எப்ப போட்டோ எடுத்தா?" என்று கேட்டான். அன்றைக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தும் அவளுக்குக் கால் வலிக்கவில்லை.

பெருமைக்காகப் படித்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மௌஸைப் பிடித்திருக்கிற நேரத்தில் மட்டும்தான் அவளுக்குத் தம்பி பெனிட்டோவின் நினைப்பு வராது.

பெனிட்டோ கடலுக்குப் போய் வராதவன். தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கத்துத் துறைதான் அவர்கள் ஊர். அம்மாவின் தம்பி மரியானின் படகில் போயிருந்தான். இருட்டில் ஏதோ ஒரு கப்பல் வந்து இடித்துவிட்டு, நின்று பார்க்கக்கூட இல்லாமல் போயிற்று. மரியான் மாமனும் மற்றவர்களும் உடைந்த பலகையைப் பிடித்துக் கிடந்து உயிர் தப்பினார்கள். பெனிட்டோ குடிதண்ணீர் கேனைக் கட்டிப்பிடித்து மிதந்ததை மாமன் கண்ணால் பார்த்தார். "மாமா, நான் கேனப் பிடிச்சிருக்கேன்" என்று அவன் கூப்பிட்டுச் சொன்னானாம். விடியும்போது அவனையும் காணோம், கேனையும் காணோம்.

அந்தத் துறையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம் உண்டு. கேன், மிதவை, துடுப்பு, எல்லாவற்றிலும் பெயிண்டால் போட்டுவிடுவார்கள். கடலில் எது மிதந்து போனாலும், கண்டவன் இன்னார் வீட்டுச் சாமான் என்று சொல்லிவிடுவான். பிரிஜா வீட்டு அடையாளம் மஞ்சள் பட்டையில் சிவப்பு ஏணி. செத்துப்போன அப்பா வைத்த அடையாளம். பெனிட்டோ புதுக் கேனில் அதைப் போடும்போது மூன்றாவது படியைக் கோணலாக இழுத்துவிட்டான். போதாக்குறைக்கு அம்மா, வேளாங்கண்ணி என்று பெயர், கேனை அடுப்புப் பக்கத்தில் வைத்து ஒரு மூலையை உருக்கிவிட்டாள். "நீ கண்ணு எங்க வச்சிருந்தா?" என்று அவன் அன்றைக்குப் பூராவும் அம்மாவைச் சாடினான்.

உடல் கிடைக்காத சாவை எப்படி அழுவது? கல்லறை இல்லை, பெட்டி இல்லை. பங்குச் சாமியார் இரண்டு மூன்று தடவை வந்து, செத்தவருக்கான பூசை வைத்துவிடலாம் என்றார். அம்மா கேட்கவில்லை. "எனக்க மோன் கேனப் பிடிச்சிருக்கான் சாமி. மரியான் கண்டான். அந்தக் கேன் முங்காது, தாழாது" என்பாள். வேறு பேச்சே கிடையாது. தலை வாருவதில்லை, ஒரு கல்யாணத்துக்குப் போவதில்லை. படகு வருகிற நேரம் பார்த்துத் துறைமுகத்தில் போய் நிற்பாள். ஊரார் முதலில் சேர்ந்து அழுதார்கள், பிறகு இரக்கப்பட்டார்கள், அதற்கும் பிறகு அவளைக் கண்டால் வேறு பக்கம் நடந்தார்கள். பிரிஜாவுக்கு அம்மாவும் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"சாமியார்ட்ட பறஞ்சிரு மக்கா. வெள்ளிக்கிழமை பூச வைக்கட்டும்."

பிரிஜாவுக்கு அழுகை வந்தது. அதற்குள்ளே ஒரு நிம்மதியும் வந்தது. நிம்மதி வந்ததற்காகத் தன்னையே கரித்துக் கொட்டிக்கொண்டாள்.

அந்த வாரம்தான் கேனை வரைய உட்கார்ந்தாள். பூசை முடிந்துவிட்டால் பிறகு வீட்டில் யாரும் கேனைப் பற்றிப் பேச மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதற்குள் அதை ஓரிடத்தில் வைத்துவிட வேண்டும். போட்டோ ஏதும் கிடையாது. யாராவது கேனைப் போட்டோ எடுத்து வைப்பார்களா? எல்லாம் மனசில் இருந்துதான் வந்தது. உருகிய மூலை, கைப்பிடிக்குக் கீழே ஒடுங்கிய பள்ளம், ஏணி, அந்தக் கோணல் படி. ஒவ்வொன்றும் தனித்தனி லேயர். ஒன்றின் மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாளை அடுக்குவது மாதிரி. தண்ணீர்த் துளி போடுவதற்கு ஒரு பாடம் இருந்தது. இடது பக்கம் வெளிச்சம், வலது பக்கம் நிழல், நடுவில் ஊசிமுனை வெள்ளை. அதையும் போட்டாள்.

எல்லாம் ஆயிற்று, ஆனால் கேன் அந்தரத்தில் தொங்கியது. அம்புக்குறிக்காரன் எந்தப் பாடத்திலும் சொல்வான்: பொருள் எதன் மேலாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் கண் நம்பாது. அவன் எப்போதும் மரமேசைதான் போடுவான். பிரிஜா வீட்டில் ஏது மேசை? அவள் பிறந்ததிலிருந்து எந்தக் கேனையும் கண்டது கடற்கரையில்தானே. யோசிக்காமல் ஈர மணலைப் போட்டாள். அடியில் கொஞ்சம் நுரையும் வைத்தாள். அப்போதுதான் அது உட்கார்ந்தது. அசல் கேன்.

ஸ்டெனி எட்டிப் பார்த்தான். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"பிள்ளே, ஒன் கைக்கு வளையல் போடணும். எனக்கு அனுப்பு, பயலுவளுக்குக் காட்டட்டு."

அவன் அருமனைக்காரன். ரப்பர் தோட்டத்து ஊரில் பிறந்தவனுக்குக் கேனில் இருக்கிற ஏணி வெறும் ஏணிதான். பிரிஜாவும் அவனிடம் தம்பி கதையைச் சொன்னதில்லை. அனுப்பினாள். அவன் கூட்டாளிகளின் வாட்ஸப் குரூப்பில் படத்தைப் போட்டுவிட்டு, "எங்க கடைப் பிள்ளை வரைஞ்சது, பாத்துக்கிடுங்க லே" என்று வாயால் பேசிப் பதிந்து அதைத் தனியாக அனுப்பினான். யாரோ படத்தை மட்டும் எடுத்து அடுத்த குரூப்புக்குத் தள்ளினான். ஸ்டெனியின் குரல் முதல் குரூப்பிலேயே நின்றுவிட்டது. கடற்கரைக் குரூப்புகளுக்கு வந்து சேரும்போது படத்துக்குக் கீழே, "இது ஆருக்க கேன்? தீவுப் பக்கம் கரை ஒதுங்கியிருக்கு" என்று எவனோ புண்ணியவான் எழுதியும் வைத்திருந்தான்.

மறுநாள் சாயங்காலம் பிரிஜா பஸ்ஸை விட்டு இறங்கியதும் மீன் விற்கிற ஓமனா ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, அறிஞ்சியா? பெனிட்டோக்க கேன் கிட்டியாச்சு! தீவுல கரையடஞ்சிருக்காம்!"

பிரிஜாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு ஓடினாள். செருப்பு எங்கே கழன்றதோ தெரியாது. மாதாவே, மாதாவே என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டே வந்தது. கேன் கரை சேர்ந்திருந்தால் கேனைப் பிடித்தவன் சேர்ந்திருக்க மாட்டானா? மொழி தெரியாத அந்தத் தீவில், அடிபட்டு, நினைவு தப்பி, யாராவது நல்ல மனுஷர் வீட்டில் கிடக்க மாட்டானா? அந்த ஓட்டத்தில் அவள் தம்பிக்குச் சோறு போட்டாள், முடி வெட்டினாள், அவனைத் திட்டித் தீர்த்தாள். தான் வரைந்த படம் ஒன்று இருக்கிறது என்கிற நினைப்பு அவளுக்கு வரவே இல்லை. சத்தியமாக வரவில்லை.

வீட்டு முற்றம் நிறைய ஆட்கள். அம்மா தலை வாரியிருந்தாள்! கஞ்சி விறைப்பு மாறாத புதுச்சேலை கட்டியிருந்தாள். மகளைக் கண்டதும் பாய்ந்து கட்டிக்கொண்டாள். இருவரும் ஒப்பாரி மாதிரி சிரித்தார்கள்.

"நான் பறயல்லியா மக்கா? தாழாதுண்ணு பறயல்லியா? மாமனுக்க புதுப் படகுல ஐஸ் ஏத்தியாச்சு. இண்ணைக்கே தீவுக்குப் போறான். பாரு, நீயும் பாரு!"

போனை முகத்துக்கு நேராக நீட்டினாள். பிரிஜா பார்த்தாள். ஏணி. கோணல் படி. உருகிய மூலை. தம்பியின் கேன்தான், சந்தேகமே இல்லை. போனை வாங்கி முத்தம் கொடுக்கப் போனாள். அப்போது கண் அந்தத் தண்ணீர்த் துளியில் விழுந்தது. இடது பக்கம் வெளிச்சம், வலது பக்கம் நிழல், நடுவில் ஊசிமுனை வெள்ளை.

பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் போதும் என்று இருந்தது அவளுக்கு. ஒன்றும் பிளக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் என்ன என்றுகூட நினைத்தாள், பாவி. அம்மா இப்படிச் சிரித்து எத்தனை காலம்! ஆனால் மாமன் வாசலில் நின்று ஐஸ் கணக்கையும் டீசல் கணக்கையும் சொல்லிக்கொண்டிருந்தார். காற்று மாறுகிற காலம். இல்லாத கேனைத் தேடி மாமனும் போய் வராமல் போனால்?

"மாமா, போவாண்டாம்" என்றாள். குரல் யாருடையதோ போல வந்தது. "இது போட்டோ இல்ல. படம். நான் வரைஞ்சேன். கடையில இருந்து, கம்ப்யூட்டர்ல."

மாமன் கணக்குச் சொல்வதை நிறுத்தினார். அம்மாவுக்குக் கோபம் வந்தது.

"நீ என்னட்டி பறயுதா? இந்தா, இந்த மூல நான் அடுப்புப் பக்கத்துல வச்சு உருகினது. இது எனக்க கை செஞ்ச தப்பு. இத நீ எப்பிடி வரைவா? தம்பி வருவது ஒனக்குப் பிடிக்கல்லியா?"

அந்தக் கேள்வியை எந்த மகள் தாங்குவாள்? பிரிஜா சத்தியம் செய்தாள். அம்மா நம்பவில்லை. மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்போதும் நம்பவில்லை. கடைசியில் மரியான் மாமன்தான் ஆட்டோவைக் கூப்பிட்டார். அக்காள் மகனைக் கூட்டிக்கொண்டு போய்த் அவன் இல்லாமல் திரும்பியவர் அல்லவா, அந்தக் கேனைப் பார்த்தபோது அவருக்கும் உயிர் வந்திருக்கும்.

கடையில் ரசலையன் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தான். இவர்கள் முகத்தைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் திறந்துவிட்டான். பிரிஜா கம்ப்யூட்டரைப் போட்டாள். போனில் உள்ளங்கை அளவு இருந்த கேன், திரையில் பெரிதாக வந்து நின்றது. அம்மா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் போனாள்.

"பெனிட்டோ" என்றாள்.

ஒவ்வொரு லேயருக்குப் பக்கத்திலும் சின்னதாக ஒரு கண் இருக்கும். அந்தக் கண்ணை அமுக்கினால் அந்த லேயர் மறையும். பிரிஜா முதலில் தண்ணீர்த் துளிகளை மறைத்தாள். கேன் காய்ந்தது. பிறகு மணல் போயிற்று, நுரையோடு. கேன் அந்தரத்தில் தொங்கியது. நிழல் போயிற்று. பள்ளம் நிமிர்ந்தது. உருகிய மூலை நேரானது.

"எனக்க மூல எங்கட்டி?" என்றாள் அம்மா, மெதுவாக.

பிரிஜாவுக்குத் திரை தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்ததைத் தேடினாள். அம்மா அவள் கையைப் பிடித்தாள்.

"ஒண்ணொண்ணா அணைக்காத மக்கா. இத்தர நாளும் அவன் எனக்கு ஒண்ணொண்ணாத்தானே போனான். ஒரேயடியா அணைச்சிரு."

பிரிஜா கேனின் உடலை மறைத்தாள். மஞ்சள் பட்டையையும் மறைத்தாள். வெள்ளைத் திரையில் கோணல் படியோடு சிவப்பு ஏணி மட்டும் நின்றது. அதற்கு மேல் அவள் விரல் அசையவில்லை. எத்தனை முயன்றும் அசையவில்லை.

"எதுல அமுக்கணும்?" என்று அம்மா கேட்டாள்.

பிரிஜா காட்டினாள். வேளாங்கண்ணி மௌஸின் மேல் கையை வைத்து, அடுப்பில் சூடு பார்ப்பவள் போல ஒரு தடவை எடுத்து, மறுபடி வைத்து அமுக்கினாள். திரை வெறும் வெள்ளையானது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கடைக்குள் கிடந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, புதுச்சேலையின் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

மரியான் மாமன் வெளியே போய், படகில் ஏற்றிய ஐஸை இறக்கச் சொல்லிப் போனில் பேசுவது உள்ளே கேட்டது.