கற்கால மனிதனின் பெயர்

எங்கள் பூங்காவில் ஒரு ரிஜிஸ்டர் உண்டு. அதில் வெளியே போகும் பொருளுக்குத்தான் கட்டம் இருந்தது, உள்ளே வரும் பொருளுக்கு இல்லை. திருவக்கரைக் கல்மரப் பூங்காவிலிருந்து கல்லைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று நினைத்துக் கோடு போட்ட நான், ஒருத்தி கல்லைக் கொண்டுவந்து வைப்பாள் என்று நினைக்கவில்லை. என் பெயர் விருத்தாசலம். பதினோரு வருடமாக இங்கே வாட்ச்மேன்.

பௌர்ணமிக்குக் காளி கோயிலுக்கு வருகிறவர்கள் அப்படியே இங்கேயும் எட்டிப் பார்ப்பார்கள். "மரம் எங்கங்க?" என்று கேட்பார்கள். "நீங்க சாஞ்சிக்கினு நிக்கிறீங்களே, அதான்" என்பேன். இரண்டு கோடி வருடத்துக்கு முன்னால் வெள்ளத்தில் வந்து புதைந்து கல்லாகிப்போன மரங்கள் என்றதும் கையை எடுத்துவிடுவார்கள், ஏதோ சூடு பட்ட மாதிரி. ஊரில் பெரியவர்களைக் கேட்டால் காளி கொன்ற அசுரனின் எலும்பு என்பார்கள். அசுரன் எலும்பானாலும் சரி, வழுவழுப்பாக ஒரு துண்டு கிடைத்தால் அந்தக் காலத்தில் வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். வாசற்படி, மாட்டுத்தொட்டிக்கு முட்டு, துவைக்கிற கல், எல்லாவற்றுக்கும் ஆகும்.

இங்கே பெருக்குகிற அம்சவள்ளிக்குக் கான்ட்ராக்ட் வேலை. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். வேலையில் குறை சொல்ல முடியாது. ஒரே குறை, கேள்வி கேட்பாள். "இந்த மரம் பூத்திருக்குமாண்ணா? காய் தின்னா கசக்குமா? இதுல எந்தப் பறவ கூடு கட்டியிருக்கும்?" எனக்கென்ன தெரியும்? போய் அந்தப் பக்கம் பெருக்கு என்பேன்.

போன தை மாதம் விழுப்புரத்திலிருந்து கலைமதி என்று ஒரு ஆராய்ச்சியாளர் வந்தார். சின்ன வயசு, பெரிய தொப்பி. வேலியோரம் கிடக்கும் நீளமான மரத்தைப் படுத்துக்கொண்டு பார்த்தார். அதன் ஒரு முனை உடைந்திருக்கும். உடைந்த இடத்தில், கிளை முளைத்த கணு ஒன்று பாதியோடு நின்றிருக்கும். "பாதிக் கண்ணு மாதிரி இருக்கு பாருங்க" என்று என்னிடம் காட்டினார். "மீதிப் பாதி இருக்கிற துண்ட யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க. அது கிடைச்சா எவ்ளோ நல்லா இருக்கும்!"

பக்கத்தில் துடைப்பச் சத்தம் நின்றுபோனது.

மறுநாள் அம்சவள்ளி முடிச்சுப் போட்ட சணல் கயிறு ஒன்றோடு வந்தாள். உடைந்த முனையில் குறுக்கே வைத்தாள், நெடுக்கே வைத்தாள், கணுவைச் சுற்றி வைத்தாள். மூன்று முடிச்சும் அந்தந்த இடத்தில் போய் நின்றன.

"அண்ணா, இதோட மீதி எங்க வூட்லதான் இருக்குது. தொவைக்கிற கல்லு. அந்தப் பாதிக் கண்ணுலதான் சோப்பு வைப்பேன்."

"வாய மூடிக்கினு இரு. போர்டுல இன்னா எழுதியிருக்குது? எடுத்தா தண்டன. கான்ட்ராக்ட்காரர் காதுல வுழுந்தா உன் வேலையும் போவும், கேசும் வரும்."

"நான் எங்க எடுத்தேன்? நான் வாக்கப்பட்டு வரச்சொல்லவே அது அங்கதான் கெடந்துது."

"அத போலீசுல சொல்லு."

"பேஜாரு வேணாண்ணா. ஒட்டுதா இல்லியான்னு மட்டும் பாக்கணும். தூக்கமே வரல."

ஐந்தாம் நாள் காலை ஆறு மணிக்கு கேட்டுக்கு வெளியே ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. வண்டியில் அம்சவள்ளி, அவள் புருஷன் முத்து, அவனோடு இரண்டு பங்காளிகள், பின்னால் சாக்குப் போட்டு மூடிய கல். நான் கேட்டைத் திறந்தேன். ஏன் திறந்தேன் என்று கேட்டால், எனக்கும் பார்க்கவேண்டும் போல இருந்தது. வேறு காரணம் சொன்னால் பொய்.

கடப்பாரை போட்டு நெம்பி உருட்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கல் போய் உட்கார்ந்தது. நகம் நுழைகிற இடம் இல்லை. பாதிக் கண் முழுக் கண்ணாகிவிட்டது. "ஜல்தி போலாம்" என்று அவசரப்படுத்திக்கொண்டே வந்த முத்து கூட நகராமல் நின்றான்.

கல்லின் மேல்புறம் துவைத்துத் துவைத்துக் கண்ணாடி போல இருந்தது. ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு பள்ளம்.

"இது இன்னா?" என்றேன்.

"எம் மாமியா அருவா தீட்டுன எடம்."

அவள் மாமியார் அஞ்சம்மாளை எனக்குத் தெரியும். கெடார் ஊர் வரைக்கும் அறுப்புக்குப் போன கை. தினமும் விடிந்ததும் ஒரு பிடி ஆற்றுமணலைப் போட்டு, தண்ணீர் தெளித்து, அந்தக் கல்லில் அரிவாள் தீட்டிவிட்டுத்தான் கிளம்புவாள். அந்த மணல் துணியில் சிக்கிக் கிழிக்கிறது என்று மருமகள் கத்துவாள். துணி பெரிசா, வேலை பெரிசா என்று மாமியார் கத்துவாள். தெருவே கேட்கும். அஞ்சம்மாள் செத்து மூன்று வருடம் ஆகிறது. அம்சவள்ளி அவளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்த மாதம் கலைமதி வந்தார். "மழையில மண்ணு அரிச்சி வெளிய தெரிஞ்சிது மேடம்" என்று கூசாமல் சொன்னேன். அவர் சந்தோஷத்தில் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினார். அப்புறம் அந்தப் பள்ளத்தைப் பார்த்தார். மண்டியிட்டார். பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"வாட்ச்மேன் சார், இது சாதாரணப் பள்ளம் இல்ல. புதிய கற்காலத்து மனுஷங்க கல்கோடாரிய இப்படித்தான் தேய்ச்சுக் கூராக்குவாங்க. நாலாயிரம் வருஷம் இருக்கும்!"

கட்டுரை எழுதப்போவதாகச் சொன்னார். நான் தலையாட்டிவைத்தேன். ஆனால் உண்மையை ஒத்துக்கொள்ளவேண்டும், இரண்டு நாளில் எனக்கு அந்தக் கதை பிடித்துப்போயிற்று. வருகிறவர்களை நேராக அங்கேதான் கூட்டிப்போவேன். "நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாடி, ஒரு கற்கால மனிதன், இதே எடத்துல..." என்று ஆரம்பித்தால் எல்லோரும் செல்போனைத் தூக்குவார்கள். அந்த நேரம் பார்த்து அம்சவள்ளி என் பக்கம் புழுதி கிளப்பிப் பெருக்குவாள்.

ஒருநாள் கூட்டம் போனதும் எதிரில் வந்து நின்றாள்.

"எத்தினி நாளைக்கிண்ணா இப்பிடிச் சொல்லிக்கினு இருப்பீங்க?"

"உன் வேலயக் காப்பாத்தத்தாம்மா சொல்றேன்."

"அது தெரியும். ஆனா வயிறு எரியுது." துடைப்பத்தைத் தரையில் தட்டினாள். "அந்தப் பொம்பளகூட நான் ஒருநாளும் ஒழுங்காப் பேசினதில்ல. அவளுக்குன்னு ஒரு போட்டோ இல்ல. பழைய ரேஷன் கார்டுல இருக்கறதுலயும் பாதி மூஞ்சிமேல சீலு. நாப்பது வருஷம் அறுத்தாளே, ஒரு காணி நெலம் உண்டா? அவ வுட்டுட்டுப் போனது அந்தப் பள்ளம் ஒண்ணுதான். அதையும் எவனோ ஒருத்தனுதுன்னு ஆக்கிட்டீங்களே."

அன்றைக்கு அடுத்து வந்த கூட்டத்தை நான் அந்தப் பக்கம் கூட்டிப்போகவில்லை.

அடுத்த வாரம் கலைமதி முப்பது மாணவர்களோடு வந்தார். கையில் கட்டுரை. மரத்தைச் சுற்றி எல்லோரையும் நிற்கவைத்துப் படித்தார். "இந்த இடத்தில் அமர்ந்து, ஒரு கற்கால மனிதன் தன் கருவியைத் தீட்டியிருக்கிறான்..."

"மனுஷன் இல்லீங்க மேடம், பொம்பள."

எல்லோரும் திரும்பினார்கள். அம்சவள்ளி துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு நின்றாள். பையன்கள் சிரித்தார்கள். கலைமதியும் புன்னகையோடு, "பெண்ணாவும் இருக்கலாம்க்கா. நமக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"எனக்குத் தெரியும். பேரு அஞ்சம்மாள்."

சிரிப்பு நின்றது. அம்சவள்ளி புல் அறுக்கிற அரிவாளை எடுத்துவந்தாள். ஒரு பையனிடம் தண்ணீர் பாட்டிலை வாங்கித் தெளித்தாள். ஒரு பிடி மணலைப் போட்டாள். குந்தி உட்கார்ந்து அரிவாளை வைத்து இழுத்தாள். பள்ளம் அதை அப்படியே வாங்கிக்கொண்டது. சர்க், சர்க் என்று அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம்.

கலைமதியின் முகம் தொங்கிப்போனது. கட்டுரையை மடித்தார், இன்னொரு மடிப்பு மடித்தார். எனக்குப் பாவமாக இருந்தது. அப்புறம் அம்சவள்ளி பக்கத்திலேயே குந்தினார்.

"ஒரு நாளைக்கு எத்தன தடவ இழுப்பாங்க?"

"முப்பது இருக்கும். அறுப்புக் காலத்துல அம்பது."

"மணல்?"

"சங்கராபரணி ஆத்து மணலுதான்."

"எத்தன வருஷம்?"

"நாப்பது."

கலைமதி எல்லாவற்றையும் கட்டுரையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். பேனாவை நிறுத்தி, "உங்க வீட்டுக் கல்லு இங்க எப்படிக்கா வந்துச்சு?" என்று கேட்டார்.

அம்சவள்ளி தரையைப் பார்த்தாள். என்னைக் காட்டிக்கொடுக்கமாட்டாள் என்று தெரியும். அதுதான் எனக்கு உறுத்தியது.

"கேட்டத் தொறந்தது நான்தாங்க மேடம்" என்றேன். "மழைன்னு சொன்னது பொய்யி."

"இதெல்லாம் நான் ரிப்போர்ட்ல எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்க மேடம்" என்றாள் அம்சவள்ளி. "வேல போனா அறுப்புக்குப் போறேன். அருவா தீட்டத்தான் இப்ப வூட்ல கல்லு இல்ல."

கேஸ் எதுவும் வரவில்லை. கான்ட்ராக்ட்காரர் வந்து ஒரு மணி நேரம் கத்தினார். எனக்கு மெமோ, அவளுக்கு வேலை நீக்கம். அந்தக் கோடையில் அவளுக்குப் பதிலாக வந்த மூன்று பேரும் வெயில் தாங்காமல் ஓடிவிட்டார்கள். ஆடி பிறந்ததும் அவளையே கூப்பிட்டார்கள். அதற்குள் அவள் இரண்டு மாதம் நிலக்கடலைக் கொல்லைகளில் மல்லாட்டை பிடுங்கப் போய்க் கறுத்திருந்தாள். நான் ரிஜிஸ்டரில் என் கையாலேயே ஒரு கட்டம் புதிதாகக் கோடு போட்டு, 'உள்ளே வந்தது: கல்மரத் துண்டு ஒன்று. கொடுத்தவர்: அஞ்சம்மாள்' என்று எழுதி வைத்திருந்தேன். அதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

இப்போதும் கூட்டம் வருகிறது. பள்ளத்தைக் காட்டி, அஞ்சம்மாள் அரிவாள் தீட்டிய இடம், நாற்பது வருடம் என்கிறேன். கற்கால மனிதன் என்று சொன்ன நாட்களில் எட்டி நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். இப்போது ஒவ்வொருத்தரும் குனிந்து, பள்ளத்தில் விரலை வைத்து ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறார்கள்.