பதினொரு அடித்தகடுகளும் ஒரு சுங்கப் படிவமும்

1

இந்தக் கதை எனக்கு டென்மார்க்கில், ஒடென்சே நகரத்தில் கிடைத்தது. தமிழ்ப் பூசை முடிந்து, தேவாலய மண்டபத்தில் ஒரு கையில் தேத்தண்ணியும் மறு கையில் பாதி கடித்த பற்றீசுமாக நின்றபோது ஒரு பெண் வந்து, "நீங்கள்தானே கதை எழுதுற அண்ணை?" என்று கேட்டாள். நான் ஓல்போர்க்கில் பஸ் ஓட்டுகிறவன். யாராவது இப்படிக் கேட்டால் நெஞ்சு அரை அடி முன்னுக்கு வந்துவிடும். "ஓம் தங்கச்சி" என்றேன். அவள் முக்கால் மணித்தியாலம் கதைத்தாள். திரும்பி வரும் ரயிலிலேயே நான் எழுதத் தொடங்கிவிட்டேன். எழுதலாமா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். கொஞ்ச நேரத்தில் நான் ஒருவனைத் திருடன் என்று திட்டப்போகிறேன். அப்போது நீங்கள் இதை மறந்துவிடக் கூடாது.

2

முதல் தொடக்கம்: "சுவிற்சர்லாந்தின் பனிமலைகளுக்கு நடுவே ஒரு பழைய பண்ணைவீட்டில், தன்னந்தனியாக ஒரு மனிதன்—"

[கைவிட்டேன். இது நான் திட்டப்போகிற அந்த மனிதனின் விளம்பரப் புத்தகத்தின் முதல் வரி. அவன் அச்சடித்த பொய்யை நானும் ஒருமுறை அச்சடிப்பதா?]

இரண்டாம் தொடக்கம்: "மன்னாரிலிருந்து அகதியாக வந்த அந்தச் சிறுமியின் கண்களில்—"

[இதையும் கைவிட்டேன். அவள் பிறந்ததே டென்மார்க்கில், ஸ்கீவ ஆஸ்பத்திரியில். கண்ணில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? இந்த மாதிரி வரி வாசகருக்குப் பிடிக்கும் என்று மட்டும் தெரியும். அதனால்தான் கை தானாக எழுதியது. கையை வெட்டினால் என்ன என்று வந்தது.]

மூன்றாம் தொடக்கம். இது நிற்கட்டும்: கிளோறியா இடக்கைக்காரி.

3

கிளோறியா இடக்கைக்காரி. வயது முப்பத்தாறு. தாய் பவளராணியோடு ஒடென்சேயில் இருக்கிறாள். வீட்டின் சின்ன அறைதான் பட்டறை. முன்பு ஒன்பது வருஷம் நகரத்தில் ஒரு மணிக்கூட்டுக் கடையில் திருத்த வேலை செய்தாள். திருத்துகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பின்மூடியைப் பூட்டுமுன் அதன் உட்பக்கத்தில் ஊசியால் தங்கள் அடையாளத்தையும் திகதியையும் கண்ணுக்குத் தெரியாத அளவில் கீறிவிடுவார்கள். அடுத்தமுறை திறக்கிறவனுக்கு, முன்னர் இங்கே கை வைத்தது யார் என்று தெரியவேண்டுமே. கிளோறியாவும் கீறினாள்.

ஆறு வருஷமாக அவள் றேத்தோவுக்கு வேலை செய்கிறாள். பெரிய கம்பனி எதையும் சாராமல், தன் பெயரிலேயே வருஷத்துக்குப் பதினொரு கைக்கடிகாரம் மட்டும் செய்து விற்கிற சுவிஸ்காரன். வாங்குவதற்குப் பணக்காரர்கள் ஐந்து வருஷம் வரிசையில் நிற்கிறார்கள். 'முதல் திருகாணியிலிருந்து கடைசி மெருகு வரை, ஒரே மனிதனின் இரண்டு கைகள்' என்பது அவனுடைய புத்தகத்தில் இருக்கும் வாசகம். கிளோறியாவின் கைகளையும் சேர்த்தால் நாலு. ஆனால் ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கிறது: யாரிடமும் சொல்லக் கூடாது, எதிலும் அடையாளம் கீறக் கூடாது.

[அவள் செய்வது என்ன என்று சொல்லாமல் போனால் நீங்கள் என்னோடு சேர்ந்து கோபப்பட முடியாது. கடிகாரத்தின் சக்கரங்களெல்லாம் ஒரு பித்தளைத் தகட்டில்தான் இருக்கின்றன. அது அடித்தகடு. அதன் முகமெல்லாம் சின்னச் சின்ன வட்டங்களாக மெருகிடுவார்கள், ஒன்றின் விளிம்பை அடுத்தது மூடும்படி, மீன் செதில் மாதிரி. சுழலும் குச்சியை ஒரு கை நெம்பி இறக்கும். மறு கை தகட்டை நகர்த்தும். ஒரு தகட்டில் அறுநூறு வட்டத்துக்கு மேல். ஒன்று பிசகினால் தகடு குப்பை. எல்லாம் முடிந்ததும் மேலே எண்கள் உள்ள முகப்பு வந்து மூடிவிடும். வருஷங்கள் கழித்து ஒருவன் திருத்தத் திறக்கும்வரை அந்த வட்டங்களை எவனும் பார்க்கப்போவதில்லை. "ஆரும் பாக்காத இடத்தையும் வடிவாச் செய்யிறதுதான் அண்ணை இந்த வேலை" என்றாள்.]

மற்றவர்கள் வலக்கையால் நெம்புவார்கள். கிளோறியா இடக்கையால் நெம்புவாள். ஆகவே அவளுடைய வட்டங்கள் எதிர்ப்பக்கமாக ஒன்றையொன்று மூடிக்கொண்டு போகும். வேறு வித்தியாசம் இல்லை. எவ்வளவு பெரிய நுண்ணோக்கியை வைத்துப் பார்த்தாலும் இல்லை.

அந்த இடக்கை சும்மா பிழைத்து வந்ததல்ல. "சோத்துக்கையாலை குடு! ஆக்களுக்கு நொட்டாங்கையாலையே குடுக்கிறது?" என்று சொல்லிச் சொல்லிப் பவளராணி அகப்பைக் காம்பால் விரல் மொழியில் அடித்து வளர்த்தாள். சாப்பிட, கும்பிட, காசு கொடுக்க, கிளோறியா வலக்கைக்காரியானாள். மெருகிடும்போது மட்டும் பழைய கை தானாக வந்தது.

மெருகிட்ட தகடுகளை றேத்தோவுக்குத் திருப்பி அனுப்பும் பெட்டியில் சுங்கப் படிவம் ஒன்று ஒட்ட வேண்டும். அனுப்புநர் பெயர் அதில் கட்டாயம். உள்ளே இருப்பது என்ன என்ற இடத்தில் 'உலோகப் பாகங்கள்' என்று எழுதச் சொல்லியிருந்தான் றேத்தோ. ஒப்பந்தத்தை விட்டால், ஆறு வருஷ வேலையில் அவள் பெயர் இருந்த ஒரே காகிதம் அதுதான்.

4

போன வைகாசியில் கொப்பன்ஹேகன் ஹோட்டல் ஒன்றில், சனிக்கிழமை மத்தியானம், கடிகாரம் சேகரிப்பவர்களின் கூட்டம். றேத்தோ வந்திருந்தான். 'நீயும் வரலாம். ஆனால் நமக்குள் பழக்கமில்லை' என்று எழுதியிருந்தான். அவள் போனாள். தன் வேலையைப் பெரிய திரையில் ஒருதரம் பார்க்க அவளுக்கு ஆசை. [ஆசைப்பட்டது பிழையா?]

திரையில், முகப்பு மூடுமுன் எடுத்த அடித்தகட்டின் படம் வந்தது. கதவளவு பெரிதாக அவளுடைய வட்டங்கள். முன்வரிசையில் இருந்த ஒரு டேனிஷ்காரர் எழும்பினார். "எல்லாரிடமும் இது ஒரு பக்கமாகப் போகும். உங்களிடம் மட்டும் எதிர்ப்பக்கமாகப் போகிறது. ஏன்?" என்று கேட்டார்.

ஆறு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் கிளோறியாவைப் பார்த்துவிட்டார்.

றேத்தோ ஒலிவாங்கியை வலக்கையில் பிடித்தபடி சிரித்தான். "கண்டுபிடித்துவிட்டீர்களே! அது என் அடையாளம். சின்ன வயதிலிருந்தே நான் உலகத்தைத் தலைகீழாகப் பார்ப்பவன்."

மண்டபம் கைதட்டியது.

[இந்த இடத்தில் மூன்று நாள் நின்றுவிட்டேன். அவள் எழும்பிக் கத்தினாள் என்று எழுதினேன், கிழித்தேன். குவளையை எறிந்தாள் என்று எழுதினேன், கிழித்தேன். அவள் கத்தவில்லை. வாயைத் திறந்தால் ஒப்பந்தம் முறியும். அந்தத் தகடுகள் இனி அவள் மேசைக்கு வராது. டென்மார்க்கில் அப்படியொரு வேலை தர வேறு ஆளில்லை. அந்த வேலையில் அவளுக்கு உயிர்.]

அவள் கையிலிருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்தாள். விருந்துக்குப் போன வீட்டில் பிடிக்கிற மாதிரி அதை வலக்கையில்தான் பிடித்திருந்தாள். அதுதான் அவளை வீடு வந்து சேரும்வரை பிடுங்கித் தின்றது.

5

பவளராணி முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதை முழுவதையும் கேட்டாள். மகள் நினைத்தாள், அம்மா வழக்கம்போல 'வேலை இருக்கிறதே பெரிசு, வாயை வைச்சுக்கொண்டு இரு' என்பாள் என்று.

"அது நான் அடிச்ச கை" என்றாள் பவளராணி. "வீங்க வீங்க அடிச்சனான். அடிச்சுப்போட்டு ஒளிச்சிருந்து அழுதனான். அவன் ஆர் அதைத் தன்ரை எண்டு சொல்ல?"

அழுததை அம்மா இதுவரை சொன்னதே இல்லை.

அடுத்த கிழமை புதிய பெட்டி வந்தது. பதினொரு அடித்தகடுகள். கூடவே ஒரு கடிதம்: 'அந்த எதிர்ப்பக்கம் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். இனி எல்லாவற்றிலும் அது கட்டாயம் வேண்டும்.' நன்றி என்ற சொல்கூட இல்லை. அவளுடைய கையை எடுத்து, தன் பெயரை ஒட்டி, அதையே அவளிடம் ஓடர் பண்ணுகிறான், திருடன்! இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பவளராணி கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு, வாழ்க்கை முழுக்கச் சொன்னதையே இன்னொரு தடவை சொன்னாள்: "சோத்துக்கையாலை செய்து குடு. தலைகீழாப் பாக்கிறவர், தானே இருந்து திருப்பட்டும்!"

6

கிடைத்ததடா முடிவு என்று நான் துள்ளினேன். வலக்கையால் செய்த பதினொரு தகடுகள் போகின்றன. றேத்தோவின் அடையாளம் காணாமல் போகிறது. சேகரிப்பவர்கள் கேட்கிறார்கள். அவன் விழிக்கிறான். முடிவை ஒரே இருப்பில் எழுதி, கீழே என் பெயரையும் போட்டு அவளுக்கு அனுப்பினேன்.

அடுத்த ஞாயிறு அதே மண்டபத்தில் அவள் அந்தத் தாள்களை மேசையில் போட்டாள்.

"அண்ணை, என்ரை சோத்துக்கை நெம்பினா ஆயிரத்திலை ஒரு வட்டம் மங்கும். உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பிசகின வேலையை நான் வெளியிலை விடமாட்டன். அவனைப் பழிவாங்க என்ரை வேலையைக் கெடுக்கச் சொல்லுறீங்களோ?"

[இதை நான் யோசிக்கவே இல்லை. நல்லாய்ச் செய்தால் அவன் வெல்கிறான். அவனைத் தோற்கடிக்க வேண்டுமென்றால் கெட்டதாய்ச் செய்ய வேண்டும். அவள் தன் பட்டறை மேசையில் ஒரு மாதமாக இருந்தது இதற்கு நடுவில்.]

"பிறகு, ஏன் என்ரை பேரை மாத்தினீங்கள்? கிளோறியா ஆர்?"

"உமக்கு வேலை போயிடுமே, பிள்ளை. பாதுகாப்புக்குத்தான்."

"அவனும் அதைத்தான் சொல்லுறவன்."

நான் பேனையை எடுத்து, கடைசித் தாளில் இருந்த என் பெயரை அவள் முன்னாலேயே வெட்டினேன். பெரிய தியாகம் செய்தவன் மாதிரி நிமிர்ந்து பார்த்தேன்.

"வெட்டுறது சுகம் அண்ணை" என்றாள். "நினைச்ச நேரம் போட, நினைச்ச நேரம் எடுக்க, உங்களுக்கு ஒரு பேர் இருக்கு."

7

செவ்வாய்க்கிழமை லீவு எடுத்துக்கொண்டு ஒடென்சேக்குப் போனேன். அவள் கூப்பிடவில்லை, பவளராணிதான் கூப்பிட்டாள். பதினொரு தகடும் முடிந்திருந்தன. கிளோறியா நுண்ணோக்கியில் ஒன்றைக் காட்டினாள். எதிர்ப்பக்கமாக, ஒரு வட்டம்கூடப் பிசகாமல், இடக்கையால் செய்த வேலை. எனக்கு ஏமாற்றம். "அப்ப அவன் கேட்டதையே செய்துபோட்டீரோ?" என்றேன்.

"வேலையை வேலையாச் செய்தனான்" என்று சொல்லிவிட்டுப் படிவத்தை நீட்டினாள்.

உள்ளே இருப்பது என்ன என்ற இடத்தில் இந்தத் தடவை 'உலோகப் பாகங்கள்' இல்லை. ஜேர்மன் மொழியில் இப்படி இருந்தது: 'கைக்கடிகார அடித்தகடுகள், பதினொன்று. மெருகிட்டவர்,' பிறகு அவளுடைய பெயர், 'ஒடென்சே, டென்மார்க். இடக்கையால்.'

[அந்தப் பெயரை நான் எழுதவில்லை. எழுதும்படி அவள் சொல்லவில்லை.]

"ஏன் டொச்சிலை?"

"அவன்ரை ஊர்த் தபால்காரிக்கு விளங்க வேணுமெல்லே."

"ஒப்பந்தம்?"

"சுங்கத்துக்குப் பொய் சொல்லு எண்டு அவன் எழுத்திலை தரட்டும், பாப்பம்."

படிவத்தை ஒளிபுகும் உறையில் போட்டு, பெட்டியின் வெளிப்பக்கத்தில், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஒட்டினாள். பொதி எடுக்கும் கடையில் இருந்த டேனிஷ் பெண்ணிடம் பெட்டியை இடக்கையால் நீட்டினாள். பக்கத்தில் நின்ற பவளராணி வாய் திறக்கவில்லை. காப்புறுதிப் பொதி என்பதால், பெறுகிறவர் அந்தப் படிவத்தின் பிரதியில், அனுப்புநர் பெயருக்குக் கீழே கையெழுத்து வைத்தால்தான் கொடுப்பார்கள் என்று கடைக்காரப் பெண் சொன்னாள். "தெரியும்" என்றாள் கிளோறியா.

8

றேத்தோ கையெழுத்து வைத்தான் என்று ஒரு முடிவு எழுதினேன். பெட்டியைத் திருப்பி அனுப்பினான், வரிசையில் நின்ற பதினொரு பேரும் அவன் கழுத்தைப் பிடித்தார்கள் என்று இன்னொன்று. வேலை போய் கிளோறியா பழைய கடைக்கே திரும்பி, மூடிகளின் உட்பக்கம் தன் அடையாளத்தைக் கீறுகிறாள் என்று மூன்றாவது. மூன்றையும் கிழித்தேன். அவள் வாழ்க்கையில் நான் இனியும் கை வைக்கமாட்டேன்.

பொதியின் இலக்கத்தைக் கடையில் கள்ளமாய்க் குறித்துவைத்திருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சற்றுமுன் போனில் பார்த்தேன். பொதி அவன் வாசலுக்குப் போய்விட்டது. கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது.

போனை மூடிவிட்டேன். தபால்காரி படிவத்தை வாசித்துவிட்டு, அந்த வலக்கையில் பேனையைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறாள். அவன் என்ன செய்தான் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும், கீழே யாருடைய பெயரைப் போடலாம் என்று கிளோறியாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கவில்லை.